ஓடைக்குழிக்கு லாரி அனுப்பிய மேக்ரோ

கண்ணாயி மலையிறங்காததற்குக் காரணம் கொள்கையல்ல, வயிறு. கொல்லிமலைச் செம்மேட்டில் புறப்படும் பஸ் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதே அவளுக்கு வாயில் உமிழ்நீர் ஊறும். அடுத்தடுத்த வளைவுகளில் காலையில் தின்றது, முந்தின நாள் தின்றது எல்லாம் வரிசை தவறாமல் ஜன்னல் வழியே காட்டுக்கு உரமாகிவிடும். எலுமிச்சம்பழம் மோந்து பார்த்தாள். புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கும்பிட்டுப் பார்த்தாள். கண்ணை மூடினால் வளைவுகள் இன்னும் அதிகமாயின. கண்டக்டர்கள் அவளைக் கண்டதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு இடம் கொடுப்பார்கள். பஞ்சாயத்துத் தலைவருக்குக்கூடக் கிடைக்காத மரியாதை அது.

ஆகவே, கண்ணாயி மலைமேலேயே பிறந்து, மலைமேலேயே படித்து, மலைமேலேயே மிளகுக்கொடி ஏறும் செங்கோடனைக் கட்டிக்கொண்டு, மலைமேலேயே ஒரு வேலையையும் தேடிக்கொண்டாள். பெரக்கரை நாட்டுப் பலா, மிளகு விளைவிப்போர் சங்கத்தில் தட்டச்சர். மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த வட்டாரம். ஏதோ ஒரு திட்டத்தில், எதற்கென்று எழுதாமலே, சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தபோது, கமிட்டி ஒரு தீர்மானம் போட்டு அவளைக் கணினி இயக்குநர் ஆக்கியது. தட்டச்சு மிஷின் இருந்த மேசையில் கம்ப்யூட்டர் உட்கார்ந்தது. மிஷின் மேசைக்கு அடியில் போனது. அதன்மேல் கண்ணாயி கால் வைத்துக்கொண்டாள். நாட்டில் கணினி யுகம் இவ்வாறு தொடங்கியது.

அவளுடைய வேலை பருவத்தில்தான் பெருத்தது. ஒவ்வொரு குக்கிராமத்திலிருந்தும் சந்தைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு துண்டுச்சீட்டு வரும்: எங்கள் ஊரில் பலா வெட்டிக் குவித்தாயிற்று, லாரி அனுப்பவும். கண்ணாயி அவற்றை எக்செல் அட்டவணையில் வரிசையாக ஏற்றுவாள். பிறகு ஒவ்வொரு ஊரின் வரிசையையும் தனித்தனியாகக் காப்பி எடுத்து, லாரிச்சீட்டு என்ற இன்னொரு பக்கத்தில் ஒட்டி, கோடு போட்டு, அச்செடுப்பாள். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் டிரைவர்கள் போவார்கள். ஒரு ஊருக்குச் சீட்டு அடித்து முடித்து அடுத்த ஊருக்குப் போவதற்குள் கரண்டு போய்விடும். மறுபடி முதலிலிருந்து. பலாப்பழமோ ஆபீஸ் நேரம் பார்க்கிற ஜீவன் அல்ல. போன பருவத்தில் சீட்டு முடிவதற்குள் பழம் வெடித்து, வாசனையே நடந்து வந்து சங்கத்தில் புகார் கொடுத்தது.

சங்கச் செயலாளர் வெங்கிடுசாமி மலையடிவாரக் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். தினமும் முதல் பஸ்ஸில் ஏறி வந்து, கடைசி பஸ்ஸில் இறங்கிப் போகிறவர். வளைவுகளில் பேப்பர் படிக்கக்கூடிய இரும்பு வயிறு அவருக்கு. கீழே அவருடைய மச்சான் கவியரசன் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். அந்தச் சென்டருக்கு ஒரு கம்ப்யூட்டர் குறைவதையும் சங்கத்தில் ஒன்று இருப்பதையும் ஒரே மனத்தில் வைத்துச் சிந்திக்கும் ஆற்றல் வெங்கிடுசாமிக்கு இருந்தது. இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் பலாப் பருவத்துக்கு முன் கூடிய கமிட்டியில் எழுந்து நின்றார்.

"பெட்டியக் கீழ எறக்கிரலாமுங்க. மச்சான் மேக்ரோன்னு ஒண்ணு போட்டு நிமிசத்துல சீட்டு அடிச்சுக் குடுத்துருவான். நம்ம கண்ணாயியும் தெனம் கீழ வந்து ஒரு கை புடிச்சாப் போதும். பஸ்ஸுலதான வரப்போறா? காத்தோட்டமா இருக்கும்."

காத்தோட்டம் என்ற சொல்லைக் கேட்டதுமே கண்ணாயி எலுமிச்சம்பழம் எங்கே என்று தேடினாள்.

தலைவர் சின்னுசாமி மலைக்காரர். இரண்டு பக்கமும் தலையாட்டியே மூன்று தேர்தல் ஜெயித்தவர். "இப்பிடி வெச்சுக்குவம்" என்றார். "அந்த மேக்ரோவ நம்ம கண்ணாயியே போடட்டும். இந்தப் பருவத்து மொத லாரி பொறப்படறதுக்குள்ள சீட்டு மொத்தமும் மளமளன்னு வந்துதுன்னா பெட்டி இங்கயே இருக்கட்டும். வல்லைன்னா எறக்கிரலாம். என்ன கண்ணு?"

"சரிங்க" என்றாள் கண்ணாயி. மேக்ரோ என்றால் என்னவென்று அப்போது அவளுக்குத் தெரியாது. சின்னுசாமிக்கும் தெரியாது என்பதில் அவளுக்கு ஒரு ஆறுதல்.

வீட்டில் செங்கோடன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "போனாப் போகட்டும் உடு. மரவள்ளி புடுங்க ஆள் பத்தல" என்றான். கண்ணாயி மரவள்ளிக்கு எதிரியல்ல. வேலை முடிந்து வந்து பொழுது சாயும்வரை மரவள்ளி பிடுங்குவதற்கும், வேலை என்று ஒன்று இல்லாமல் விடிந்ததிலிருந்து மரவள்ளி பிடுங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அறிந்தவள். வெயிலில் குனிந்து நிற்கும் நாலு பேருக்கு நடுவே, "கண்ணாயி, ஆபீசுக்கு நேரமாச்சு" என்று எவரேனும் சொல்வதில் உள்ள சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கவியரசனே ஒரு நாள் வகுப்பு நடத்துவதாகச் சொல்லியனுப்பினான். மேக்ரோ கற்றுக்கொண்டால் மலையிறங்க வேண்டியதில்லை. ஆனால் மேக்ரோ கற்றுக்கொள்ள மலையிறங்க வேண்டும். கல்வி இப்படித்தான் எப்போதும் முதல் படியிலேயே ஆளைச் சோதிக்கும். கண்ணாயி இறங்கினாள். போய்ச் சேர்ந்தபோது அவளிடம் மிச்சமிருந்தது சேலையும் கைப்பையும்தான். காலை வகுப்பு முழுவதும் சென்டருக்கு வெளியே புளியமரத்தடியில் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வந்தபோது எழுந்து உள்ளே போனாள்.

"இது டேப் ரெக்கார்டர் மாதிரிங்கக்கா" என்றான் கவியரசன். "இந்த ரெக்கார்டு பட்டனத் தட்டிட்டு நீங்க உங்க வேலையப் பாருங்க. அது பாத்துக்கிட்டே இருக்கும். முடிஞ்சதும் நிறுத்திருங்க. அப்பறம் கன்ட்ரோலையும் ஒரு எழுத்தையும் சேத்து அமுக்கினா, நீங்க செஞ்சத அப்பிடியே செஞ்சு போடும்."

"நாம செய்யறது எல்லாத்தையுமா பாக்குது?"

"எல்லாத்தையுமேங்க."

"அப்பச் சூதானமாத்தான் நடந்துக்கோணும்" என்றாள் கண்ணாயி.

சூதானமாகத்தான் நடந்துகொண்டாள். மறுநாள் ரெக்கார்டு பட்டனைத் தட்டுமுன் முகம் கழுவினாள். கொண்டையை இறுக்கி முடிந்தாள். சீட்டுக் கொடுக்க வந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்களை, "வெளிய போயிப் பேசுங்க, இது பாக்குது" என்று விரட்டினாள். ஆனாலும் கை தவறித் தப்பான கட்டத்தில் ஒட்டிவிட்டாள். அழித்தாள். சரியான கட்டத்தில் ஒட்டினாள். கரண்டு போய்விடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை சேமித்தாள். நிறுத்திவிட்டு மேக்ரோவை ஓட்டிப் பார்த்தால், அது தப்பான கட்டத்தில் ஒட்டியது, அழித்தது, சரியான கட்டத்தில் ஒட்டியது, அடிக்கு ஒரு தடவை சேமித்தது. கொல்லிமலைக் கரண்டைப் பற்றி அதற்குள்ளும் ஒரு பயம் புகுந்திருந்தது. தன் தப்பை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்ளும் குமாஸ்தாவை அந்தச் சங்கம் அதுவரை கண்டதில்லை.

அழித்துவிட்டு மறுபடி பதிந்தாள். மறுபடி அழித்தாள். பதிந்ததெல்லாம் எங்கே போய் உட்காருகிறது என்று தேடி, மேக்ரோவின் உள்ளே போகும் வழியையும் கண்டுபிடித்தாள். இங்கிலீஷில் வரிவரியாக இருந்தது. பாதிக்கு மேல் ரேஞ்ச், ரேஞ்ச் என்று தொடங்கியது. ஃபாரஸ்ட் ரேஞ்சர் ஞாபகம் வந்ததால் எதையும் தொடாமல் வெளியே வந்துவிட்டாள்.

கடைசிப் பதிவுக்கு அவள் தேர்ந்தெடுத்த ஊர் ஓடைக்குழி. அட்டவணையில் நாலாவது வரிசை. சரிவுக்குக் கீழே பத்துப் பதினைந்து வீடுகள், பாறைக்கு நடுவே ஒரு மண்தடம். அங்கே லாரி போனதே இல்லை. பழத்தைத் தலைச்சுமையாக ரோட்டோர நரியங்காட்டுக்குக் கொண்டுவந்துதான் ஏற்றுவார்கள். ஆனாலும் சங்க விதிப்படி வாராவாரம் துண்டுச்சீட்டு மட்டும் அனுப்புவார்கள்: லாரி அனுப்பவும். அதை ஏற்றிவைப்பதோடு சரி, லாரிச்சீட்டு அடிப்பதில்லை. பழகுவதற்கு அதைவிட நல்ல ஊர் எது? தப்பாகப் போனாலும் யாருக்கும் நட்டமில்லை. இதைவிடப் பொறுப்பாக ஒருத்தி சிந்திக்க முடியாது.

இந்த முறை கை தவறவில்லை. கன்ட்ரோலையும் எல் எழுத்தையும் அமுக்கினாள். ஓடைக்குழி, பொறுப்பாளர் பாவாயி, பலா என்று சீட்டு அழகாக அச்சாகி வந்தது. அன்று வீட்டில் கருப்பட்டி போட்டுப் பாயசம் வைத்தாள்.

முதல் லாரி நாளன்று சங்கத்தில் கூட்டம். சின்னுசாமி மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பிரிண்டருக்குச் சாமந்தி சார்த்தினார். வெங்கிடுசாமி கையைக் கட்டிக்கொண்டு, கரண்டு இருக்கிறதா என்று பல்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணாயி முதல் ஊரின் வரிசையில் போய் நின்று அமுக்கினாள். பிரிண்டர் கத்தியது. அடுத்த ஊர், அமுக்கினாள். அடுத்த ஊர். வந்தவர்களுக்கு டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"பரவால்லியே" என்றார் வெங்கிடுசாமி, பல்வலிக்காரர் முகத்தோடு.

சின்னுசாமி சீட்டுக் கட்டை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து, மேலே வெற்றிலை பாக்கு பழம் பரப்பி, கற்பூரம் காட்டினார். பூசையில் வைத்த காகிதத்தை எடுத்துப் படித்துப் பார்ப்பது அந்த நாட்டில் வழக்கமில்லை. படிக்கவும் இல்லை. தாம்பாளத்தோடு டிரைவர்கள் ராசாமணியிடமும் கதிர்வேலிடமும் கொடுத்தார்கள். அவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார்கள்.

பிரிவு ரோட்டில் நிறுத்தித்தான் கட்டைப் பிரித்தார்கள்.

"ஏன்டா கதிரு, எல்லாச் சீட்டுலயும் ஓடைக்குழின்னே இருக்குது?"

"அத்தன லோடு கெடக்குதோ என்னமோ. ரெண்டு வண்டியும் மாத்தி மாத்தி அடிக்கோணும்."

"அங்க ரோடே கெடையாதேடா."

"ரோடு இல்லாத ஊருக்குக் கம்ப்யூட்டர் சீட்டுப் போடுமா? போட்டிருப்பாங்க. நமக்கென்ன, உடு."

போட்டிருக்கவில்லை. ஸ்பிரிங் பட்டையில் பாறை உரச, ஒரு பக்கக் கண்ணாடியைக் காட்டுக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு, இரண்டு லாரிகளும் ஓடைக்குழியில் போய் நின்றன. ஊரே கூடிவிட்டது. பாவாயி லாரியைச் சுற்றி வந்து டயரைத் தொட்டுப் பார்த்தாள். மாடு வாங்குகிறவள் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல.

"பழமெல்லாம் எங்கீங்கக்கா?" என்றான் ராசாமணி.

"நேத்தே சுமந்துக்கிட்டுப் போயி நரியங்காட்டுல குமிச்சாச்சே சாமி."

"அடக் கெரகமே. அப்ப வெறும் வண்டியாத் திருப்பறோமுங்க."

"வெறும் வண்டியாவா?" பாவாயிக்குக் குரல் ஏறிவிட்டது. "என்ன பேச்சுப் பேசற நீ? ஒரு மொறத்துல சாமை கொண்டாந்து குடுத்தாலே அந்த மொறத்த வெறுமையாக் குடுத்தனுப்ப மாட்டம் நாங்க. மொதமொதலா ஊட்டு வாசலுக்கு லாரி வந்திருக்குது. வெறுமையா அனுப்புனா ஊரு வெளங்குமா?"

ஓடைக்குழி வழக்கம் அப்படி. வீட்டுக்கு வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. ஒரு பிடி தானியமாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். லாரியும் ஒருவகையில் பாத்திரம்தான், கொஞ்சம் பெரிசு என்பதைத் தவிர வழக்கத்துக்கு வேறுபாடு தெரியவில்லை. ஊர் முழுக்க அரிவாளோடு கிளம்பியது. பழுத்தது இல்லாததால் பிஞ்சுப் பலாக்காய்களை வெட்டி ஏற்றினார்கள். அதில் ஒரு வண்டிகூட நிறையவில்லை. மரவள்ளி பிடுங்கினார்கள். வாழைத்தார், பூசணி, சீமாறு, விறகு. அப்புறமும் இடம் இருந்ததால், சந்தைக்குப் போக வேண்டியவர்கள், கொழுந்தியாளைப் பார்க்கப் போக வேண்டியவர்கள், போக வேண்டிய காரியமே இல்லாதவர்கள் என்று ஏறிக்கொண்டார்கள். ஒரு கிடாயும் ஏறியது. அது யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

மற்ற ஊர்களில் பழம் குவித்துவைத்துக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சங்கத்துக்கு வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோதுதான், வெயில் தாழ்ந்து, இரண்டு லாரிகளும் வாசலில் வந்து நின்றன. வெங்கிடுசாமி தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணாயி. என்ன இது?"

"மரவள்ளிங்க சார்."

"அது தெரியுது."

கண்ணாயி உள்ளே ஓடினாள். நரியங்காட்டு வரிசையில் நின்று அமுக்கினாள். இந்தத் தடவை பிரிண்டரைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். கர்சர் நரியங்காட்டை விட்டு ஒரே தாவாக நாலாவது வரிசைக்குப் போய், ஓடைக்குழியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. எந்த ஊரில் நின்றாலும் அதே தாவு. பதிந்தபோது அவள் நாலாவது வரிசைக்குப் போனதை அது பார்த்திருந்தது. எதற்குப் போனாள் என்று பார்க்கவில்லை.

எஸ்டிடி பூத்தில் போய்க் கவியரசனைப் பிடித்தாள்.

"அதத்தாங்கக்கா காலைல அவ்வளவு நேரம் சொன்னேன். இந்தக் கட்டம்னு பதியறது ஒண்ணு, நிக்கற எடத்துல இருந்துன்னு பதியறது ஒண்ணு. நிறுத்தற பட்டனுக்குப் பக்கத்துலயே அதுக்கு ஒரு பட்டன் இருக்குமே."

"காலைல நான் புளியமரத்தடியில கெடந்தனே சாமி."

அந்தப் பட்டனை அவள் தினமும் பார்த்திருந்தாள். அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். அதை அமுக்கிவிட்டு மறுபடி பதிந்தாள். நின்ற ஊருக்கே சீட்டு வந்தது. மறுநாள் லாரிகள் ஊர் ஊராகப் போய், வெடித்தது போக மிச்சமிருந்த பழங்களை ஏற்றிவந்தன. பலாக்காயை வாங்குவாரில்லாமல் அந்த வாரம் செம்மேடு முழுக்கப் பலாக்காய்ப் பொரியல் மணத்தது.

அதோடு முடியுமா? கமிட்டி கூடியது. வெங்கிடுசாமி அட்டைப்பெட்டியும் கயிறும் கொண்டுவந்து, எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருந்தார். கண்ணாயி திருத்திய சீட்டுகளை மேசையில் பரப்பினாள். சின்னுசாமி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா மொத லாரிக்குன்னுதான பேச்சு? மொத லாரி கெட்டுப்போச்சே. சபைல சொன்ன சொல்லு இருக்குதல்ல?"

கண்ணாயி அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். உள்ளே பழைய செய்தித்தாளைக்கூடப் பக்குவமாக விரித்திருந்தார் மனிதர்.

அந்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். லாரியில் வந்தவர்கள் கொண்டுபோன சேதி கேட்டு ஓடைக்குழி மொத்தமும் வந்திருந்தது. எல்லாரும் சங்க உறுப்பினர்கள்தான். நடக்கச் சோம்பி ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. முன்னால் பாவாயி.

"லாரி அனுப்பற பெட்டிய எறக்கப் போறீங்களாமே?"

"இல்ல ஆத்தா" என்றார் சின்னுசாமி, "அது தப்பா அனுப்பிப் போடுச்சு."

"தப்பாவாச்சும் அனுப்புச்சுதல்ல? நீங்க இத்தன வருசமாச் சரியா இருந்து என்னத்த அனுப்புனீங்க? வாராவாரம் லாரி அனுப்புங்க, லாரி அனுப்புங்கன்னு எழுதி எழுதிக் கை தேஞ்சுது. மனுசரு ஆரும் அதப் படிக்கல. அது படிச்சிருக்குது."

"அது படிக்கலீங்க, அது வந்து..." என்று கண்ணாயி தொடங்கினாள். அட்டைப்பெட்டியையும் கயிற்றையும் இன்னொரு தடவை பார்த்தாள். அறிவியல் விளக்கத்தை அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டாள்.

வெங்கிடுசாமி அப்போதுதான் வாயை விட்டார். "ஏனுங்கம்மா, கீழ எங்க மச்சாங்கிட்ட இருந்தா இந்த மாதிரித் தப்பே வராதுங்க. ஒருக்காலும் வராதுங்க. நான் பொறுப்பு."

"கேட்டீங்களா?" பாவாயி தன் ஊர்ப் பக்கம் திரும்பினாள். "கீழ போனா நம்மூருக்கு ஒருக்காலும் வராதாமா. அவரே சொல்றாரு."

சின்னுசாமி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். சங்கத் தேர்தல் தை மாதத்தில். ஓடைக்குழியில் கைகள் எத்தனை என்று கூட்டத் தெரியாதவரல்ல அவர். கணினி சங்கத்திலேயே இருக்கும் என்றும், அக்கணினி தெரிவித்த ஆலோசனையை ஏற்று வாரம் ஒருமுறை ஓடைக்குழிக்கு லாரி அனுப்பப்படும் என்றும், தடத்தைச் செப்பனிட்டுத்தர அவ்வூரார் ஒப்புக்கொண்டதாகவும் தீர்மானம். தீர்மானத்தைத் தம் கையாலேயே எழுதவேண்டிய பாக்கியம் செயலாளர் வெங்கிடுசாமிக்குக் கிடைத்தது.

பாவாயி மட்டும் போகவில்லை. கண்ணாயியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இப்ப இது சரியாயிருச்சுன்னாங்களே. அப்ப எங்கூருக்கு எப்பிடி வரும்?"

"நாலாவது வரிசைல நின்னு நான் அமுக்குனா வந்துருங்கக்கா."

"நீ மறந்துட்டீன்னா? ஒடம்புக்கு ஆகாம ஊட்டுல படுத்துட்டீன்னா? அந்தச் செயலாளரு வேண்டாம்னா? அதெல்லாம் ஆகாது. அதுக்குள்ளயே எழுதி வையி."

உள்ளே எழுதிவைப்பதை ரெக்கார்டு பட்டன் செய்யாது. கண்ணாயி மேக்ரோவைத் திறந்தாள். ரேஞ்ச் வரிகளுக்குக் கீழே போய், முதல்முறையாகத் தன் கையாலேயே ஒரு வரி அடித்தாள். வரி சிவப்பாகிவிட்டது. ஒரு மேற்கோள் குறி விட்டுப்போயிருந்தது. போட்டாள். கறுப்பாயிற்று. எந்த ஊரில் நின்றாலும் ஓடைக்குழிக்குப் போ என்ற அந்தப் பழைய தப்பு வரியையே, அச்சு மாறாமல், இப்போது தெரிந்தே எழுதினாள். வாரத்துக்கு ஒரு சீட்டு மட்டும் வரும்படி, அந்த வாரத்துக்கு அடித்தாயிற்றா என்று கேட்கும் ஒரு வரியையும், உதவிப் பக்கத்தைத் தேடி எழுத்துக் கூட்டிப் படித்து, மேலே சேர்த்தாள். அதற்குள் மூன்று டீ வந்துபோனது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டனுங்கக்கா."

"எங்க, படி பாக்கலாம்."

கண்ணாயி படித்தாள். பாவாயி முகத்தைச் சுளித்தாள். "எங்கூரு பேரே வரலியே?"

"ஏ நாலுன்னு இருக்குது பாருங்க. அதுதான் உங்கூரு."

பாவாயி திரையில் நாலாவது வரிசையைத் தேடிப் பிடித்து, விரலால் தொட்டாள். மேலே இருந்த மூன்று ஊர்களையும் ஏற இறங்கப் பார்த்தாள். "எங்களுக்கு எதுக்கு நாலாவது? மொதல்ல போடு."

"மேல ஏத்துனா உங்க எடத்துக்கு வேற ஊரு வந்துருமுங்கக்கா. லாரி அங்க போயிரும்."

"எந்த ஊரு?"

"நரியங்காடு."

பாவாயி திரையில் இருந்த நரியங்காட்டை முறைத்தாள்.

"நாலாவதே இருக்கட்டும்" என்றாள். "நீ அமுக்கு."